தர்மபுரி, கிருஷ்ணகிரிக்குக் குடிவந்தவர்களுக்கு: நல்ல சாப்பாடும் நல்ல சாமானும் கிடைக்க ஒரு வழிகாட்டி

கும்பகோணத்திலிருந்து வேலை மாற்றலாகித் தர்மபுரிக்கு வந்தபோது முதல் இரண்டு மாதம் சாப்பாட்டுக்கு நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. பஸ் ஸ்டாண்டைச் சுற்றியிருந்த பெயர்ப்பலகைகளை நம்பிச் சாப்பிட்டு வயிறு கெட்டது, நான்கு நாள் லீவு போட்டேன். ஒரு மெஸ்ஸில் மாத முன்பணமாக 3,500 ரூபாய் கட்டினேன். ஒன்பதாம் நாள் கடை பூட்டிக் கிடந்தது, பணம் இன்றுவரை வரவில்லை. மாம்பழத்துக்குப் பேர்போன ஊருக்கே வந்து, கல் வைத்துப் பழுக்கவைத்த பழத்தை இரண்டு பெட்டி வாங்கிக் குப்பையில் கொட்டினேன். அப்புறம் குடும்பம் வந்தது. பிறகு கிருஷ்ணகிரிக்கு வீடு மாறினோம். இத்தனைக்கும் நடுவில்தான் ஒரு விஷயம் பிடிபட்டது.

இந்த இரண்டு மாவட்டங்களிலும் “நல்ல கடை எது?” என்று கேட்டால் ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். “எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, எந்த மாசம்?” என்று கேட்டுப் பாருங்கள், எல்லாரும் ஒரே பதிலைச் சொல்வார்கள். சந்தை கூடுகிற நாள், அடுப்பிலிருந்து இறங்குகிற நேரம், விளைச்சல் வருகிற மாதம், இந்த மூன்றும் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. கீழே உள்ள எல்லாமே அதை ஒட்டித்தான்.

1. முதல் வாரம் கையில் இருக்க வேண்டியவை

இரண்டு பெரிய துணிப்பை, ஒரு டிபன் கேரியர், மூடி போட்ட ஒரு எவர்சில்வர் தூக்கு. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் பைக்குத் தடை இருப்பதால் சந்தையில் பை கேட்டு நிற்காதீர்கள். குழம்பைத் தூக்கில் வாங்கினால், சூடான குழம்பை மெல்லிய கவரில் கட்டிக் கொடுக்கிற ஆபத்தும் இல்லை. பல கடைகளில் பாத்திரம் கொண்டுபோனால் அளவும் கொஞ்சம் தாராளமாக விழும்.

10, 20, 50 ரூபாய் நோட்டாக 500 ரூபாய் வைத்துக்கொள்ளுங்கள். ஊருக்குள் எல்லா இடத்திலும் போனில் பணம் போடலாம். வாரச்சந்தையில் ஆயிரக்கணக்கானவர்கள் கூடும் நேரத்தில் சிக்னல் நிற்பதில்லை.

ரேஷன் கார்டையும் ஆதாரையும் பழைய ஊரிலேயே விட்டுவிட்டு வராதீர்கள். ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

2. களி கிடைக்கும் கடையை முதலில் கண்டுபிடியுங்கள்

இதை முதலில் வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. கேழ்வரகு இந்த மண்ணின் பயிர். நல்ல களி போடுகிற கடையில் குழம்பு கெட்டுப்போக வாய்ப்புக் குறைவு, ஏனென்றால் அங்கே வருகிறவர்கள் அதையே வீட்டில் தினம் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். அவர்களை ஏமாற்ற முடியாது.

பஸ் ஸ்டாண்டில் தேடாதீர்கள். மண்டி, சந்தை, கோர்ட், தாலுகா அலுவலகம் இருக்கும் தெருக்களில் தேடுங்கள். பாலக்கோடு, இராயக்கோட்டை மாதிரி தக்காளி மண்டி உள்ள ஊர்களில் மூட்டை தூக்குகிறவர்கள் எங்கே உட்காருகிறார்கள் என்று பாருங்கள். பெரும்பாலும் பலகையே இருக்காது. ஓட்டுக்கூரை, நான்கு பெஞ்சு, வாசலில் தண்ணீர் டிரம், அவ்வளவுதான்.

எந்த நேரத்துக்குப் போவது? மதியம் 12-லிருந்து 1.30-க்குள். களி கிண்டி இரண்டு மணி நேரம் ஆனால் மேலே தோல் கட்டி இறுகிவிடும். நல்ல உருண்டை மேலே பளபளவென்று இருக்கும். நனைத்த கையில் ஒட்டாது. நடுவில் வெள்ளை மாவுக் கட்டி தெரிந்தால் வேகவில்லை என்று அர்த்தம், அதைச் சாப்பிடாதீர்கள், வயிற்றைப் பிடிக்கும்.

தர்மபுரிப் பக்கம் அரிசி நொய்யைப் போட்டு, அதில் கேழ்வரகு மாவைத் தூவிக் கிண்டுகிறார்கள். ஓசூரை நெருங்க நெருங்க மாவு மட்டும் போட்ட களி உருண்டை கிடைக்கும், அதற்குக் கன்னடத்தில் ‘முத்தே’ என்று பெயர். முதல் தடவை சாப்பிடுகிறவர்களுக்கு நொய் போட்ட களி சுலபம். மெல்லக் கூடாது, சின்னதாகக் கிள்ளி, குழம்பில் புரட்டி, விழுங்க வேண்டும். எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தது கடைக்கார அக்காதான். “மெல்லாத சாமி, அப்படியே உள்ள வுடு” என்றார்.

உட்காருவதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “அக்கா, களிக்கு இன்னைக்கு என்ன கொழம்பு?” கொள்ளுக் கடைசல், கீரைக் கடைசல், கருவாட்டுக் குழம்பு, நாட்டுக்கோழிக் குழம்பு என்று அன்றன்றைக்கு மாறுகிற கடை நல்ல கடை. நாட்டுக்கோழி என்று சொன்னால் மட்டும் கொஞ்சம் கவனம். எலும்பு கெட்டியாகவும் கறி நாராகவும் இருக்க வேண்டும். தொட்டதும் பஞ்சு மாதிரி பிய்ந்து வந்தால் அது பிராய்லர், ஆனால் விலை நாட்டுக்கோழிக்குப் போட்டிருப்பார்கள். நான் சாப்பிடுகிற கடைகளில் ஒரு உருண்டையும் சைவக் குழம்பும் 50 முதல் 70 ரூபாய், நாட்டுக்கோழியோடு 150-ஐத் தாண்டும்.

மார்கழி, தை மாதங்களில் வந்தவர்கள் பிதுக்கும்பருப்பை விட்டுவிடாதீர்கள். பச்சை மொச்சையை ஊறவைத்துத் தோலைப் பிதுக்கி எடுத்த பருப்பு. களிக்கு அந்தக் குழம்பு வைக்கிற நாளை விசாரித்துவிட்டுப் போவேன். சந்தையில் பிதுக்கிய பருப்பாகவே படியில் அளந்து விற்பார்கள். முகர்ந்து பார்த்து வாங்குங்கள், முந்தின நாள் பருப்பு என்றால் புளித்த வாடை வரும்.

3. கிழமை தெரிந்து சந்தைக்குப் போங்கள்

காய்கறிக்கு உழவர் சந்தை. தர்மபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் மூன்றிலும் உண்டு. அடையாள அட்டை வாங்கிய விவசாயிகள்தான் உள்ளே விற்கலாம். அன்றைய விலை வாசலில் பலகையில் எழுதியிருக்கும், முதலில் அதைப் போனில் படம் எடுத்துக்கொண்டு உள்ளே போங்கள். காலை 6-லிருந்து 8-க்குள் போனால்தான் கீரையும் குச்சிக்கிழங்கும் நன்றாக இருக்கும். (தஞ்சாவூர்ப் பக்கத்து ஆட்களுக்கு: இங்கே மரவள்ளிக்குக் குச்சிக்கிழங்கு என்று பெயர்.) 10 மணிக்குப் போனால் காலி. சந்தைக்கு வெளியே ரோட்டில் உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாரும் விவசாயிகள் என்று நினைத்துவிடாதீர்கள். வாங்கி விற்கிறவர்களும் உண்டு, அங்கே பலகை விலை செல்லாது.

வாரச்சந்தைகளில் நான் போய்ப் பழகியவை: ஞாயிற்றுக்கிழமை போச்சம்பள்ளி, செவ்வாய்க்கிழமை காரிமங்கலமும் நல்லம்பள்ளியும், புதன்கிழமை அரூர்ப் பக்கம் புளுதியூர், வெள்ளிக்கிழமை கிருஷ்ணகிரிக்குப் பக்கத்தில் குந்தாரப்பள்ளி. ஆடு, மாடு, கோழி வியாபாரம் விடியற்காலையிலேயே முடிந்துவிடும். தானியம், பருப்பு, மிளகாய், வெல்லம் வாங்க 9 மணிக்குப் போனால் போதும்.

போச்சம்பள்ளிக்குக் கிருஷ்ணகிரியிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர். முதல் தடவை எதையும் வாங்காமல் ஒரு சுற்று முழுக்க நடந்துவிடுங்கள், ஒரே கொள்ளுக்கு நான்கு விலை காதில் விழும். தராசில் அரசு முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். படியில் அளந்தால் கிலோவுக்கு எவ்வளவு வரும் என்று கேளுங்கள், படிக்குப் படி அளவு மாறும்.

4. பிரியாணியும் மீனும்

பிரியாணிக்கு ஒரே விதி: தம் உடைக்கிற நேரம். கிருஷ்ணகிரியில் நல்ல கடைகளில் காலை 11.30-லிருந்து 12-க்குள் முதல் டேக்சாவை (பிரியாணி அண்டா) திறப்பார்கள், 2.30-க்குள் முடிந்துவிடும். சாயங்காலம் 5 மணிக்கும் மதியத்து டேக்சாவிலேயே அள்ளுகிற கடையைத் தவிர்த்துவிடுங்கள். ஆம்பூர் பக்கம் என்பதால் கத்திரிக்காய் தொக்கும் தயிர் வெங்காயமும் கூடவே வரும். அந்தத் தொக்கை ருசி பாருங்கள். புளிப்பும் எண்ணெயும் சரியாக இருக்கிற கடையில் பிரியாணியும் சரியாக இருப்பதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

மீனுக்கு இரண்டு இடம். ஒன்று கிருஷ்ணகிரி அணை, ஊரிலிருந்து ஏழெட்டு கிலோமீட்டர். அணைப் பக்கத்துக் கடைகளில் மசாலா தடவி அடுக்கி வைத்திருப்பார்கள். பச்சை மீனைக் காட்டச் சொல்லி, செவுளைத் தூக்கிப் பார்த்து, உங்கள் முன்னாலேயே மசாலா தடவிப் பொரிக்கச் சொல்லுங்கள். கறுத்த எண்ணெய்யாக இருந்தால் திரும்பிவிடுங்கள்.

இன்னொன்று ஒகேனக்கல். தர்மபுரியிலிருந்து சுமார் 45 கிலோமீட்டர், பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் ஆகும். அங்கே மீனை நீங்கள் வாங்க வேண்டும், சமைத்துக் கொடுக்கப் பெண்கள் இருக்கிறார்கள். புதிதாக வருகிறவர்கள் தடுமாறுவது இங்கேதான், அதனால் வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் சமைக்கிற அக்காவைப் பேசி முடியுங்கள். எத்தனை கிலோ, குழம்பா வறுவலா, சாதமும் சேர்த்தா, கூலி எவ்வளவு என்று எல்லாவற்றையும் முதலிலேயே பேசிவிட வேண்டும். மசாலா, எண்ணெய், அரிசி, விறகு கூலியில் சேருமா, தனியா என்று கேளுங்கள். நான் முதல் தடவை இதைக் கேட்கவில்லை. 400 ரூபாய் என்று பேசியது கடைசியில் 850 ஆனது. பிறகு அந்த அக்காவையே கூட்டிக்கொண்டு மீன் வாங்கப் போங்கள், நல்ல மீனை அவர்களுக்குத் தெரியும். கட்லா, ரோகு, கெளுத்தி, வாளை எல்லாம் கிடைக்கும். ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தால் வெளியூர் மீனாக இருக்கலாம். ஆற்று மீன்தானா என்று கேட்டு, விலையைப் பேசி, சுத்தம் செய்வதற்கு முன் எடை போடச் சொல்லிப் பாருங்கள். வெட்டிய பிறகு எடையைச் சரிபார்க்க முடியாது.

காலை 10 மணிக்குள் போய்ச் சேருங்கள். ஞாயிற்றுக்கிழமையும் ஆடிப்பெருக்கும் வேண்டாம். காவிரியில் தண்ணீர் அதிகமாக வந்தால் குளிக்கவும் பரிசல் ஓட்டவும் மாவட்ட நிர்வாகம் தடை போடும். ஜூலையிலிருந்து அக்டோபர் வரை செய்தியைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

5. பேக்கரி

பேக்கரி என்றால் இங்கே டீக்கடையும் சேர்ந்ததுதான். பப்ஸும் பன்னும் பெரும்பாலும் காலை 7 மணி வாக்கிலும் மாலை 4 மணி வாக்கிலும் சூடாக வரும். உங்கள் தெரு பேக்கரியில் “பப்ஸ் எப்பண்ணா வரும்?” என்று ஒருமுறை கேட்டு வைத்துக்கொண்டால் போதும். ஓசூர்ப் பக்கம் போனால் பெங்களூரு பாணி அய்யங்கார் பேக்கரிகள் உண்டு, அங்கே காரா பன்னும் தேங்காய் வைத்த தில்பசந்தும் வாங்குங்கள்.

நிப்பட்டுக்கும் (நம்ம தட்டை மாதிரி) பால்கோவாவுக்கும் நான் காவேரிப்பட்டணத்தில் இறங்கி விடுவேன், கிருஷ்ணகிரி–தர்மபுரி வழியில்தான் இருக்கிறது. நிப்பட்டை உடைத்து முகர்ந்து பாருங்கள், சிக்கு வாடை வந்தால் பழைய எண்ணெய். பாக்கெட்டாக வாங்கினால் தயாரித்த தேதி அச்சாகியிருக்க வேண்டும். பால்கோவா இரண்டு மூன்று நாளைக்கு மேல் வெளியில் தாங்காது, ஊருக்கு அனுப்புவதென்றால் கிளம்புகிற அன்று வாங்குங்கள்.

கேக் ஆர்டர் பற்றி ஒரு எச்சரிக்கை. என் மகளின் பிறந்தநாளுக்கு முட்டை போடாத கேக் வேண்டும் என்று ஒரு கடையில் வாயால் சொல்லிவிட்டு வந்தேன். என் மாமனார் முட்டை தொடாதவர். வெட்டி, எல்லாரும் வாயில் வைத்த பிறகுதான் அது முட்டை கேக் என்று தெரிந்தது. கடையில் கேட்டால், சீட்டில் அப்படி எழுதவில்லையே என்றார்கள். ஒரு நாள் முன்னதாகவே சொல்லுங்கள். எடை, முட்டை உண்டா இல்லையா, எழுத வேண்டிய பெயர், எடுக்க வரும் நேரம், கொடுத்த முன்பணம், இந்த ஐந்தையும் ரசீதில் எழுதச் சொல்லிப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

6. எந்த மாதம் எதை வாங்குவது

மாம்பழம். ஏப்ரல் கடைசியில் செந்தூரா தலைகாட்டும். மே, ஜூனில் பங்கனப்பள்ளி, அல்போன்சா, இமாம்பசந்த், மல்கோவா. நீலம் ஜூலை வரை இழுக்கும். இங்கே அதிகமாக விளைவது பெங்களூரா என்கிற கிளிமூக்கு, அதில் பெரும்பகுதி கூழ் தொழிற்சாலைக்குப் போகிறது. உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுக் காயாகச் சாப்பிட அதற்கு ஈடு கிடையாது. ஏப்ரல் முதல் வாரத்திலேயே மஞ்சளாக மின்னுகிற பழத்தை வாங்காதீர்கள். கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைப்பது சட்டப்படி தடை செய்யப்பட்டது, ஆனாலும் நடக்கிறது. பழம் முழுக்க ஒரே மஞ்சளாக இருக்கும், காம்பருகே வாசனை இருக்காது, வெட்டினால் கொட்டையை ஒட்டிப் புளிக்கும். இப்போது நான் செய்வது: தோட்டத்திலோ மண்டியிலோ முற்றிய காயாக 10 கிலோ வாங்கி, வைக்கோல் பரப்பி வீட்டிலேயே பழுக்க வைக்கிறேன். 5 முதல் 8 நாள் ஆகும். கிருஷ்ணகிரியில் நடக்கிற மாங்கனிக் கண்காட்சிக்கு ஒருமுறை போய் ரகங்களைப் பார்த்துவிட்டால் பிறகு பெயர் மாற்றிச் சொல்லி விற்க முடியாது.

புளி. பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை. அப்போதே வருடத்துக்கு வேண்டியதை வாங்கிவிடுங்கள், நான்கு பேர் வீட்டுக்கு எங்களுக்கு 8 கிலோ ஆகிறது. ஓடு, நார், கொட்டை நீக்கியதா என்று பார்த்து விலை பேசுங்கள். ஈரமாகக் கையில் ஒட்டினால் எடைக்காகத் தண்ணீர் தெளித்திருக்கலாம், அந்தப் புளி பூசணம் பிடிக்கும். வாங்கி வந்ததும் இரண்டு நாள் வெயிலில் காயவைத்துக் கல்லுப்பு தூவி ஜாடியில் வையுங்கள். கறுத்த புளி பழையது, இளம் பழுப்பு நிறம் புதியது.

கேழ்வரகு, சாமை. மானாவாரிக் கேழ்வரகு மார்கழி, தையில் களத்துக்கு வரும். மாவாக வாங்காமல் தானியமாக வாங்கி, கல் அரித்து, கழுவி, நன்றாகக் காயவைத்து மில்லில் கொடுங்கள். களிக்கு நைசாக அரைக்கச் சொல்ல வேண்டும். சாமையில் பளீரென்று வெள்ளையாக இருப்பது முழுக்கத் தவிடு போனது. கொஞ்சம் மங்கலாக இருப்பதைக் கேட்டு வாங்குங்கள்.

எண்ணெய். செக்குக்கு நீங்களே நிலக்கடலைப் பருப்பு வாங்கிப்போய்க் கூலிக்கு ஆட்டுவது சிறந்த வழி. ஒரு லிட்டருக்கு ஏறக்குறைய இரண்டரைக் கிலோ நிலக்கடலைப் பருப்பு பிடிக்கும். அதை வைத்துக் கணக்குப் போட்டால், ரொம்பக் குறைந்த விலையில் ‘மரச்செக்கு எண்ணெய்’ என்று விற்பது எப்படிக் கட்டுப்படியாகும் என்று உங்களுக்கே சந்தேகம் வரும்.

7. மெஸ்ஸில் சேருவதற்கு முன்

குடும்பம் வராமல் தனியாக இருப்பவர்களுக்கு இது. மாதத்துக்கு முன்பணம் கட்டாதீர்கள். முதல் ஒரு வாரம் அன்றன்றைக்குக் காசு கொடுத்துச் சாப்பிடுங்கள், அதில் ஒரு திங்கட்கிழமை இரவும் ஒரு ஞாயிறு மதியமும் இருக்கட்டும். பிடித்திருந்தால் டோக்கன் புத்தகமாக 10 சாப்பாட்டுக்கு மட்டும் வாங்குங்கள். ஊருக்குப் போகும் நாளுக்குக் கழிவு உண்டா, கடை மூடினால் பணம் திரும்புமா என்று கேட்டு, டோக்கன் பின்னாலேயே எழுதி வாங்குங்கள். எழுதித் தர யோசிக்கிற இடத்தில் பணம் கட்ட வேண்டாம்.

8. பில்லில் பார்க்க வேண்டியவை

உணவு விற்கிற எந்தக் கடைக்கும் 14 இலக்க எப்எஸ்எஸ்ஏஐ (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) எண் இருக்க வேண்டும். உரிமம் என்றால் 1-இலும் பதிவு என்றால் 2-இலும் தொடங்கும். 2022 ஜனவரி 1 முதல் பில்லிலும் அந்த எண் அச்சாக வேண்டும்.

சாதாரண ஓட்டலில் ஜிஎஸ்டி 5 சதவீதம். ஜிஎஸ்டி தொகுப்புத் திட்டத்தில் (காம்போசிஷன், அதாவது விற்பனையில் ஒரு சின்ன சதவீதத்தைக் கடையே வரியாகக் கட்டுவது) இருக்கிற சின்னக் கடை வாடிக்கையாளரிடம் தனியாக ஜிஎஸ்டி வாங்கக் கூடாது. பில்லில் ஜிஎஸ்டி எண்ணே இல்லாமல் வரி மட்டும் போட்டிருந்தால் கேளுங்கள். ‘சர்வீஸ் சார்ஜ்’ கட்டாயம் கிடையாது, நெடுஞ்சாலை ஓட்டல்களில் போட்டிருந்தால் எடுக்கச் சொல்லலாம்.

கெட்டுப்போன சாப்பாடு வந்தால் சண்டை போடுவதற்கு முன் படம் எடுங்கள், பில்லை வையுங்கள். தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறையின் வாட்ஸ்அப் எண் 94440 42322. கடைப்பெயர், இடம், தேதி, படம் சேர்த்து அனுப்புங்கள். வயிறு கெட்டபோது என்னிடம் பில் இல்லை, அதனால் என்னால் எதுவும் செய்ய முடியவில்லை.

9. ரேஷன் கார்டு

தமிழ்நாட்டுக் கார்டு இருந்தால் முகவரி மாற்றும்வரை காத்திருக்க வேண்டாம், வேறு ஊர்க் கடையிலும் கைரேகை வைத்து வாங்கலாம். கார்டில் பெயர் உள்ள ஒருவர் நேரில் போக வேண்டும். கைரேகை விழாமல் திரும்பி வருகிறவர்கள் நிறைய, ஆதாரில் கைரேகையைப் புதுப்பித்துவிட்டால் அலைச்சல் மிச்சம்.

நிலையாக இருக்கப் போகிறீர்கள் என்றால் டிஎன்பிடிஎஸ் (தமிழ்நாடு பொது விநியோகத் திட்டம்) இணையதளத்தில் முகவரி மாற்றத்துக்கு விண்ணப்பியுங்கள். புது முகவரி உள்ள ஆதார், வாடகை ஒப்பந்தம் அல்லது கேஸ் பில், இவற்றைத் தெளிவாக ஸ்கேன் செய்யுங்கள். எங்கள் விண்ணப்பம் முதலில் நிராகரிக்கப்பட்டது, ஒப்பந்தத்தில் கதவு எண் மங்கலாக இருந்ததுதான் காரணம். விண்ணப்ப எண்ணைக் குறித்து வைத்து வாரம் ஒருமுறை நிலையைப் பாருங்கள்.

தர்மபுரி மாவட்டத்தில் குடியேறுகிறவர்கள் கடைக்காரரிடம் கேழ்வரகு பற்றிக் கேளுங்கள். 2 கிலோ அரிசிக்குப் பதில் 2 கிலோ கேழ்வரகு கொடுக்கும் திட்டத்தை 2023-இல் நீலகிரியிலும் இங்கேயும்தான் முதலில் தொடங்கினார்கள். இருப்பு வரும் நாளைக் கேட்டு வைத்துக்கொண்டு, அன்று காலையிலேயே பையோடு போய்விடுங்கள்.